குடைக்குள் இருந்தவர்

பெதர்வெல்லில் யாரும் பெண்ணை விற்பதில்லை. இதை அந்த ஊர்க்காரர்கள் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அங்கே பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிறது. அழுகிய முட்டையின் வாடை அடிக்கும் அந்த நீரைக் குடித்தால் கீல்வாதம் போகும் என்று நம்பி, கீல்வாதக்காரக் கனவான்கள் இங்கிலாந்தின் நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கனவான்கள் வருகிற இடத்துக்குக் கல்யாண வயதில் மகள் உள்ள தகப்பன்மார்களும் வருகிறார்கள். தகப்பன்மார்களுக்குக் கீல்வாதம் கிடையாது. ஆனாலும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் இலையுதிர் பருவத்தில், பாதிரியார் நேதன் கில்பி தன் மகள் டாமரிஸோடு அங்கே வந்து இறங்கினார். மனைவி போய் வெகுகாலம் ஆகிவிட்ட மனிதர். நெதர்காட் என்ற சேற்றுக் கிராமத்துக்குப் பாதிரியார். அந்த ஊர் டாக்டர் கோடையில் அவருடைய மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதயம் ரொம்பப் பழசாயிடுச்சு பாதிரியாரே. நாளைக்கே நின்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். பாதிரியாருக்குச் சாவதில் பெரிய பயம் இல்லை. அவர் குடியிருந்த வீடு தேவாலயத்தினுடையது. அவர் கண்ணை மூடினால் அடுத்த பாதிரியார் பெண்டாட்டியோடும் தொட்டிலோடும் வந்து இறங்குவார். டாமரிஸ், தாய் விட்டுப்போன கொஞ்சப் பணத்தோடு வாசலில் நிற்பாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

"எனக்கு வேலை பாக்கத் தெரியும்ப்பா. யார் வீட்லயாவது பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்துப் பொழச்சுக்குவேன்" என்று அவள் புறப்படுவதற்கு முன்பே சொன்னாள்.

"என் மக சம்பளத்துக்குக் கைகட்டி நிக்கறதா? எனக்கு வெக்கமா இருக்காதா?" என்றார் பாதிரியார். எது வெட்கம் என்பதைப் பற்றி அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெதர்வெல்லில் நடனசாலை என்று ஒன்று உண்டு. வரன் பார்ப்பது, பார்க்கப்படுவது எல்லாம் அதற்குள்தான். அதற்குள் நுழைவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி தருவது ஐந்து சீமாட்டிகள் அடங்கிய சபை. சபைக்கு முன்னால் மனிதர்களை எடைபோட்டு வைப்பது நடனசாலையின் மேலதிகாரி மிஸ்டர் பம்ஃப்ரி. பம்ஃப்ரியின் வணக்கத்தில் பல அளவுகள் இருந்தன. பிரபுக்களுக்கு இடுப்புவரை குனிவார். பாதிரியார் தங்கியிருந்த வாடகை அறைக்கு வந்தபோது அவருடைய கழுத்து மட்டும் லேசாகக் குனிந்தது.

"பொண்ணுக்கு அபிப்பிராயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் பம்ஃப்ரி.

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியாவது."

பாதிரியார் நேர்மையாக யோசித்தார். "கோழி வளக்கறதைப் பத்திக் கொஞ்சம் இருக்கு. யுத்தத்தைப் பத்தி இருக்கு. என் பிரசங்கத்தைப் பத்தி நிறைய இருக்கு."

"அது என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். அபிப்பிராயமெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் வெச்சுக்கலாம், புருஷன் சரின்னா. ஆனா அதுக்குள்ள பெரும்பாலும் மறந்துபோயிடும்." பம்ஃப்ரி கையுறையை நீவிவிட்டுக்கொண்டார். "அப்புறம் ஒரு விஷயம். எங்க நடனசாலையில பொண்ணு ஆம்பளையை முதல்ல பாக்கக் கூடாது. பாக்காமலும் இருக்கக் கூடாது. பாக்கலைன்னா திமிருன்னு ஆயிடும்."

"அப்ப என்னதான் செய்யறது?"

"அவர் பாக்கற நேரத்துல தற்செயலா முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கணும். நல்ல குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு இது தானா வரும்."

"சூரியகாந்திக்கும் தானாத்தான் வருது" என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டாமரிஸ்.

பம்ஃப்ரி அவள் பக்கம் திரும்பவேயில்லை. பாதிரியாரைத்தான் பார்த்தார், நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட்ட வைத்தியரைப்போல.

மறுவாரம் சீமாட்டிகள் சபை டாமரிஸை வரச் சொன்னது. தலைவி ராக்ஸால் சீமாட்டி. பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. டாமரிஸை நடக்கச் சொன்னார்கள், உட்காரச் சொன்னார்கள், தேநீர் ஊற்றச் சொன்னார்கள், கைக்குட்டையைத் தவறவிடச் சொன்னார்கள். ஆண்கள் எடுத்துத் தர வேண்டிய கைக்குட்டையை அவளே குனிந்து எடுத்துவிட்டாள். ஐந்து பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு ராக்ஸால் சீமாட்டி, "கல்யாணம்" என்றாள்.

ஐந்து சீமாட்டிகளும் முன்னால் சாய்ந்து டாமரிஸின் கன்னங்களை உற்றுப் பார்த்தார்கள். கன்னங்களில் ஒன்றும் நடக்கவில்லை.

"கல்யாணம்" என்றாள் சீமாட்டி, இன்னும் உரக்க.

"கேட்டுச்சு அம்மணி" என்றாள் டாமரிஸ்.

"இவளுக்கு முகமே சிவக்கலையே" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். "வெயில்ல அலைஞ்ச தோல். சிவந்தாலும் தெரியாது."

பாதிரியார் தன் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராக்ஸால் சீமாட்டி அவரிடம் இரக்கத்தோடு பேசினாள். "நாங்க ஒண்ணும் சந்தை நடத்தலை பாதிரியாரே. சந்தையில மாட்டைக் குடுக்கறவன் காசு வாங்கிப்பான். இங்க பொண்ணைக் குடுக்கறவர் காசையும் சேத்தே குடுக்கறார். எவ்வளவு உசந்த விஷயம் பாருங்க. உங்க மக நல்லா இருக்கணும்னுதான் நாங்க இவ்வளவு பாக்கறோம். என்னையே எடுத்துக்கங்க. பதினேழு வயசுல எனக்குப் பேசி முடிச்சாங்க. அழுதேனாம், சாப்பிடலையாம், கதவைத் தாப்பாள் போட்டுக்கிட்டேனாம். எனக்கு இப்ப ஒண்ணுமே ஞாபகம் இல்லை. அதுக்குப் பேர்தான் வளர்ப்பு. ராக்ஸால் பிரபு வடக்குல ஒரு வீட்ல இருக்கார், நான் தெக்குல ஒரு வீட்ல இருக்கேன். இத்தனை வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது."

மற்ற சீமாட்டிகள் உணர்ச்சிவசப்பட்டுத் தலையை ஆட்டினார்கள்.

படியிறங்கும்போது பாதிரியார் மெதுவாகக் கேட்டார். "கொஞ்சம் சிவந்திருக்கக் கூடாதாம்மா?" கேட்கும்போதே தன் மகளின் வெயில்பட்ட கன்னங்களைப் பார்த்து அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஊரில் இருந்தவரை அந்தக் கன்னங்களில் அவருக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

சபையின் பரிந்துரையின்பேரில் மிஸ் ஃபென் என்று ஒருத்தி வந்தாள். முகம் சிவக்கக் கற்றுக்கொடுப்பது அவளுடைய தொழில். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம் பயின்றவர்கள். "மூச்சை அடக்கிக்கணும். மனசுக்குள்ள ஏதாவது வெக்கக்கேடான விஷயத்தை நினைச்சுக்கணும். அவ்வளவுதான்" என்றாள் மிஸ் ஃபென். டாமரிஸ் மூச்சை அடக்கினாள். விக்கல் வந்தது. மறுபடி அடக்கினாள். இன்னும் பெரிய விக்கல் வந்தது.

"என்ன நினைச்சே நீ?" என்று மிஸ் ஃபென் அதட்டினாள்.

"நாங்க இந்த ஊருக்கு வந்ததை" என்றாள் டாமரிஸ்.

அடுத்த அறையில் இருந்த பாதிரியார், காதில் விழாததுபோல இருமினார்.

எப்படியோ அனுமதி கிடைத்தது. நடனசாலையில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களை ஜன்னலோர நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். காற்றோட்டத்துக்காக என்று பம்ஃப்ரி விளக்கினார். அங்கே குளிரில் உட்கார்ந்திருந்த டாமரிஸின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் சர் பேசில் காரி. நல்ல நிலபுலன், வீங்கிய முழங்கால், இடது காது கேட்காது, இரண்டு மனைவிகளை அடக்கம் செய்தவர்.

"ஆட வருமா?"

"வரும்."

"எனக்கு வராது. அப்படியே உக்காரு." பிறகு தன் முழங்காலின் சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார். முடித்ததும், "நீ அதிகம் பேசலை. நல்லது" என்றார்.

"நீங்க எங்க விட்டீங்க" என்றாள் அவள், இடது காதுப் பக்கமாக.

அன்றைக்கு அறைக்குத் திரும்பியதும் டாமரிஸ் தகப்பனிடம் சொன்னாள். "அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில ரெண்டு பெண்டாட்டி படமும் மாட்டியிருக்காராம். பக்கத்துல மூணாவது ஆணியும் அடிச்சாச்சாம். அவரே பெருமையாச் சொல்றார்ப்பா." பாதிரியார் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். முடியவில்லை. இருவரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

மறுநாள் பிற்பகல் மழை. இருவரும் ஊருக்கு வெளியே ஆற்றங்கரைப் பாதையில் ஒரே குடையில் நடந்தார்கள். அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போயிடலாம்மா. அந்த ஆளுக்கு உன்னைக் குடுக்க மாட்டேன். வர்றது வரட்டும்" என்றார் பாதிரியார். டாமரிஸ் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். அவர்களைக் கடந்து ஒரு வண்டி போனது, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு. அவர் குடையைத் தாழ்த்தி அவளை மறைத்துக்கொண்டார். இந்த ஊருக்கு வந்தபிறகு அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு பிற்பகலில்தான்.

வண்டி ராக்ஸால் சீமாட்டியுடையது.

இரண்டு நாளைக்குள் ஊர் மாறிவிட்டது. வெந்நீர் ஊற்றின்மேல் கட்டியிருந்த கிணற்று மண்டபத்தில் டாமரிஸ் தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போனால், பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாம் நாள் காலையில், அவர்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே, சபை விசாரணைக்கு அழைத்தது. நடனசாலையின் சீட்டாட்ட அறைக்கு வெளியே பம்ஃப்ரி பாதிரியாரைத் தனியே ஓரங்கட்டினார்.

"உங்க மக அன்னிக்கு மழையில ஒரு ஆம்பளையோட ஒரே குடையில போயிருக்கா. கை கோத்துக்கிட்டு. தோள்ல சாஞ்சுக்கிட்டு. ஆள் முகத்தைக் குடையால மறைச்சிருக்கான். சீமாட்டி தன் கண்ணால பாத்திருக்காங்க."

பாதிரியாருக்கு உயிர் வந்தது. "அடடா, அது நான்தான்யா" என்று சிரித்தார்.

பம்ஃப்ரி சிரிக்கவில்லை. "சின்ன வயசு ஆள்னு சீமாட்டி சொல்லிட்டாங்க."

"என் குடை. என் மக. நான்தான்."

"நிதானமா யோசிங்க பாதிரியார் ஐயா. அது நீங்கன்னா, சீமாட்டி கண்ணு தப்புன்னு ஆகும். இத்தனை வருஷமா அவங்க பாத்ததை வெச்சுத்தான் இங்க எல்லாம் நடக்குது. அவங்க பாத்ததுனால எத்தனையோ பொண்ணுங்க இந்த ஊரை விட்டே போயிருக்காங்க. ஒருத்தி ஆத்துல விழுந்தா. இப்ப இந்த ஒரு பார்வை தப்புன்னா, அந்தப் பார்வையெல்லாமும் தப்பா இருந்திருக்கலாம்னு ஆயிடும். அவ்வளவு பேரோட நிம்மதியைக் கெடுக்கற பாவத்தை நீங்க ஏத்துக்கப் போறீங்களா?"

பாதிரியார் வாயைத் திறந்தார். பம்ஃப்ரி குரலைத் தாழ்த்தினார். "சர் பேசில் பெருந்தன்மையானவர். இதைப் பொறுத்துக்கறேங்கறார். கெட்ட பேர் வாங்கின பொண்ணுன்னா வீட்ல அடக்கமா இருப்பான்னு நினைக்கறார். அம்மா வழிப் பணத்தை அப்படியே கொண்டுவந்தாப் போதுமாம்." கொஞ்சம் நிறுத்தி, நிஜமான கனிவோடு கேட்டார். "இதயம் எப்படி இருக்கு உங்களுக்கு? நீங்க போனப்புறம் அவளுக்கு ஒரு வீடு இருக்கும். அதை யோசிங்க."

உள்ளே சீட்டாட்ட மேசைக்குப் பின்னால் ஐந்து சீமாட்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள். சர் பேசில் முழங்காலை ஒரு முக்காலிமேல் வைத்திருந்தார். டாமரிஸ் நடுவில் நின்றாள். அவள் முகத்தில் கலவரம் எதுவும் இல்லை.

"குடைக்குள்ள இருந்தது யார்?" என்றாள் ராக்ஸால் சீமாட்டி.

டாமரிஸ் புன்னகையோடு தகப்பன் பக்கம் திரும்பினாள். "அதை எங்கப்பாவே சொல்லுவார் அம்மணி."

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவருக்கு நெதர்காட் வீட்டின் வாசல் தெரிந்தது. அங்கே வேறு யாருடைய தொட்டிலோ இறங்குவது தெரிந்தது. மழையில் ஒரு பெட்டியோடு டாமரிஸ் நிற்பது தெரிந்தது.

"நான் அந்த ஆள் முகத்தைப் பாக்கலை" என்றார்.

குடைக்குள் இருப்பவன் தன் முகத்தைப் பார்க்க முடியாது, ஆகவே இது முழுப் பொய்யல்ல என்று ஒரு குரல் அவருக்குள் வாதாடியது. அது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

டாமரிஸின் புன்னகை உடனே போகவில்லை. சொன்னது காதில் விழாததுபோல அது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் கழுத்திலிருந்து ஆரம்பித்து, கன்னம், காது, நெற்றி என்று முகம் முழுவதும் குப்பென்று சிவந்தது.

"சிவந்துட்டா" என்றாள் ஒரு சீமாட்டி. "பாருங்க, எவ்வளவு அழகாச் சிவந்துட்டா." மேசைக்குப் பின்னால் பெரிய மகிழ்ச்சி உண்டாயிற்று. பம்ஃப்ரி இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டார். "மிஸ் ஃபென்னுக்குச் சொல்லி அனுப்பணும்" என்றாள் ராக்ஸால் சீமாட்டி. "இவ்வளவு நல்ல சிவப்பை நான் இந்தப் பருவத்துல பாக்கலை. இப்ப சொல்லும்மா, யார் அந்த ஆள்?"

"தெரிஞ்சவர்னு நெனச்சிட்டிருந்தேன் அம்மணி" என்றாள் டாமரிஸ். "எனக்கும் தெரியலை."

சர் பேசிலின் பெருந்தன்மை அறிவிக்கப்பட்டது. அவள் வேண்டாம் என்றாள். முதல் மறுப்பு அடக்கத்தைக் காட்டுகிறது என்று பம்ஃப்ரி சபைக்கு எடுத்துச் சொன்னார். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். இது நல்ல வளர்ப்பைக் காட்டுகிறது என்றார். அவள் சர் பேசிலின் வலது காதுப் பக்கம் போய் நின்று இன்னொரு தடவை சொன்னாள். அவர் முக்காலியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

நெதர்காட் திரும்பியபிறகு டாமரிஸ் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. மாலையில் செய்தித்தாளை வாசித்துக்காட்டினாள். ஆனால் அவருடைய பிரசங்கத்தைப் பற்றி அவளுக்கு இப்போது எந்த அபிப்பிராயமும் இல்லை. "நல்லா இருந்துச்சுப்பா" என்பாள். தேவாலயத்துக்கு நடக்கும்போது, பாதை எவ்வளவு வழுக்கினாலும் அவர் கையைப் பிடிப்பதில்லை. அவர் முழங்கையைக் கொஞ்சம் விலக்கி நீட்டிப் பார்ப்பார். யாரும் வந்து கோத்துக்கொள்ளாத கை குளிரில் சும்மா தொங்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் டாக்டர் இறந்துபோனார். பாதிரியார்தான் அடக்கம் செய்துவைத்தார். குழிமேட்டில் நின்றபோது அவருடைய இதயம் ஒழுங்காக, தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

டாமரிஸ் வேலைக்கு எழுதிப்போட்டாள். முதல் வீட்டிலிருந்து, பெதர்வெல்லில் விசாரித்தோம், வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து வருத்தம்கூட வரவில்லை. பிப்ரவரியில் பாதிரியார், பக்கத்து ஊர்க் கூட்டம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, தபால் வண்டியில் ஏறி பெதர்வெல் போனார்.

கிணற்று மண்டபத்தில் உச்சிவேளைக் கூட்டம். வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுடைய மேடையின் முதல் படியில் ஏறி நின்றார். இசை நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் பேசிப் பழகிய வாய்தான். ஆனாலும் முதல் வார்த்தையை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"குடைக்குள்ள இருந்தது நான்தான். அது என் மக. அன்னிக்கு சபை முன்னால நான் பொய் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்லை."

ராக்ஸால் சீமாட்டியின் கண்கள் கலங்கின. அவள் எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"என்ன ஒரு தகப்பன்" என்றாள் எல்லோரும் கேட்கும்படி. "கெட்டுப்போன மகளுக்காகப் பொய் சொல்ல, ஒரு பாதிரியார், இந்தப் பனியில இவ்வளவு தூரம் வந்திருக்கார்."

"பொய் இல்லை அம்மணி. அன்னிக்குச் சொன்னதுதான் பொய்."

"அன்னிக்குப் பொய் சொன்னவரை இன்னிக்கு எப்படி நாங்க நம்பறது?" என்றாள் சீமாட்டி, அன்பாக. "விட்டுடுங்க பாதிரியாரே. ஆண்டவர் மன்னிப்பார். நாங்க எப்பவோ மன்னிச்சாச்சு. உங்களை."

கனவான்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னும் அழுத்திக் குலுக்கினார்கள். பம்ஃப்ரி அவருக்கு இடுப்புவரை குனிந்தார். யாரோ அவர் கையில் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள் அவர் வீடு வந்து சேர்ந்தபோது டாமரிஸ் பின்கட்டில் வேலியிலிருந்து துவைத்த படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய காலணியில் இருந்த சேற்றைப் பார்த்தாள். அது பக்கத்து ஊர்ச் சேறு இல்லை.

"அந்த முனையைப் பிடிங்கப்பா" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தார். எதிர்முனையில் அவள். துணி குளிரில் விறைத்திருந்தது.

"எங்க போயிருந்தீங்க?"

"பெதர்வெல்லுக்கு."

இருவரும் இழுத்து உதறினார்கள்.

"போய்?"

"சொன்னேன். எல்லார் முன்னாலயும். அது நான்தான்னு."

அவள் விரிப்பை மடித்தபடி அவரை நோக்கி நடந்து வந்தாள். வெகு அருகில் வந்து, "நம்பினாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை."

அவர் கையிலிருந்த முனைகளை அவள் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள். வாங்கியபிறகும் உடனே விலகிப் போகவில்லை.

"நான் நம்பறேன்ப்பா" என்றாள். "நான் பக்கத்துலதானே இருந்தேன்."

பாதிரியாரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. டாமரிஸ் மடித்ததைக் கூடையில் வைத்துவிட்டு, வேலியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து அதன் ஒரு பக்கத்தை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். வேலி நெடுக இன்னும் நிறைய இருந்தது.